பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம்

சென்னைப் பக்கம் புயல் என்று டிவியில் சொன்னால் எங்கள் தங்கவயலில் இரண்டு மூன்று நாள் தூறல் போடும். எங்களுக்குப் புயல் என்றால் அவ்வளவுதான். அந்த வருஷம் மட்டும் அப்படி இல்லை. வாரம் முழுக்க விடாமல் பெய்தது. துவைத்த துணி காயவில்லை, தீப்பெட்டி நமுத்துப் போனது, சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டின் மண் கரைந்து சாக்கடை முழுக்கச் சாம்பல் நிறமாக ஓடியது.

மாரிகுப்பத்தில் நாங்கள் இருப்பது லைன் வீட்டில். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கல்லும் மண்ணும் வைத்த சுவர், மேலே தகரம். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்து நான் பதில் சொல்லலாம், அப்படிப்பட்ட சுவர்.

எனக்கு அன்று காய்ச்சல். பெங்களூரில் ஒரு டிராவல்ஸ் ஆபிசில் டிக்கெட் போடும் வேலை எனக்கு. விடியற்காலை ரயிலுக்குப் போகாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். சமையல் அலமாரியிலிருந்து தட்டுகள் விழுந்தன. எழுந்து ஓடிப் பார்த்தால், பக்கத்து வீட்டின் பின்பக்கச் சுவர் அப்படியே வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. தகரம் ஒரு பக்கம் தொங்கியது. எங்கள் பொதுச் சுவரில் விழுந்திருந்த பிளவு வழியாக அவர்கள் வீட்டுக் காலண்டர் தெரிந்தது.

அந்த வீட்டு அக்காவுக்கு போன் போட்டேன். அவரும் தினமும் என்னோடு ரயிலில் வருபவர்தான். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம்.

"யக்கா, உங்க பின்பக்கச் செவுரு வுழுந்துட்ச்சி."

"உள்ள யாருனா இருந்தாங்களா?"

"யாரும் இல்லக்கா. பொண்ணுங்க ஸ்கூல்ல கீதுங்க."

"உங்க பக்கம்?"

"விரிசல் வுட்டுக்கீது. நிக்குது."

"நீ உள்ள இருக்காத. காய்ச்சலோட நனையாத, எதிர் வூட்ல போயி குந்து. நான் சாயந்திர வண்டிக்கு வரன்."

தன் வீட்டுச் சுவர் விழுந்தது என்று கேட்ட ஒருவர், அடுத்த மூச்சில் என் சுவரைப் பற்றிக் கேட்டார். போனை வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அன்று மாலை ரயிலை விட்டு இறங்கி வந்தவர் இடிபாட்டின் முன்னால் கொஞ்ச நேரம் குடையோடு நின்றார். அழவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பிள்ளைகளின் புத்தகங்கள், அரிசி டிரம், ஒரு தையல் மெஷின். நனைந்ததை ஒரு பக்கம், நனையாததை ஒரு பக்கம் என்று பிரித்து, விரிசல் எட்டாத எங்கள் முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார். அவர் கணவர் கொத்தனார். பெங்களூரில் அடுக்குமாடிகள் கட்டும் வேலை. அவர் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, சாமான்களுக்குக் காவலாக அதன் கீழேயே படுத்துக்கொண்டார். அக்காவும் இரண்டு பெண்களும் எங்கள் வீட்டில்.

அரசாங்கத்திலிருந்து வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். நல்ல மனிதர்கள்தான், டீ கூடக் குடிக்கவில்லை. ஆனால் எங்கள் லைன் வீடுகளின் பத்திரம் எல்லாருக்கும் கைக்கு வந்து சேரவில்லை. அக்காவுக்கு வரவில்லை. நிவாரணம் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

திங்கட்கிழமை அக்கா வழக்கம் போல ரயிலுக்குக் கிளம்பினார். போகும் வழியில் என்னிடம் சொன்னார்: "வண்டியில யாருக்கும் சொல்லாத."

"ஏங்கக்கா?"

"சொல்லாதன்னா சொல்லாத."

ஏன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பெண்கள் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இருட்டோடு கிளம்பும் வண்டி அது. மாரிகுப்பத்தில் ஏறுபவர்கள் தூங்கிக்கொண்டும், ஊரிகத்தில் ஏறுபவர்கள் தலை பின்னிக்கொண்டும், பங்காரப்பேட்டையில் ஏறுபவர்கள் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டும் வருவோம். அதில் யார் வீட்டிலாவது சாவு, ஆபரேஷன், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அக்காதான் பணம் திரட்டுவார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வருவார். மூடிய கையை உள்ளே விட வேண்டும், மூடிய கையாகவே வெளியே எடுக்க வேண்டும். அதுதான் அவர் வைத்த சட்டம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் இல்லாதவர்களும் கை விடலாம், வெறுங்கையை. மாதக் கடைசியில் நானே வெறுங்கையை விட்டிருக்கிறேன். பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அக்கா எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பார். பணம் கம்மியாகச் சேர்ந்த நாளில்கூட ஒருத்தரைப் பார்த்து முகம் சுளித்ததில்லை.

அவர் வீட்டுக்கே அந்தப் பை வரக் கூடாது என்று நினைத்தார். நான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. காலையில் என் வீட்டு அடுப்பில் சமைத்து, பெண்களுக்குத் தலை வாரி, தார்ப்பாய்க்குக் கீழே கணவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரயிலில் மற்றவர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டு வருபவரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் லீவு போட்ட ஒரு நாள் பெட்டியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள், இத்தனை நாள் சொல்லாததற்கு.

மறுநாள் ஊரிகம் தாண்டியதும் ஒரு பெண் எழுந்தாள். கார்மெண்ட்ஸில் வேலை செய்பவள், ஒல்லியான உடம்பு, சத்தமாகப் பேசிக்கூட நாங்கள் கேட்டதில்லை. அவள் கணவன் இறந்தபோது அக்கா பை எடுத்து வந்திருக்கிறார். அவள் கையில் ஒரு மஞ்சள் பை. முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அக்கா சாதாரணமாகக் கேட்டார்:

"யாருக்குடி?"

அவள் பையை அடுத்தவளிடம் நீட்டினாள். எல்லாரும் குனிந்துகொண்டோம். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பேடா," என்றார் அக்கா. கன்னடக்காரப் பெண்களும் அந்தப் பெட்டியில் உண்டு, அவர்களுக்கும் புரியட்டும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னார். "வேணாம். பைய மடிச்சி வெய்யி."

கார்மெண்ட்ஸ் பெண் அடுத்த சீட்டுக்குப் போனாள்.

"சொல்றன் இல்ல? இந்தப் பொட்டியில யாரு வூட்ல இன்னா கஷ்டம்னு எனக்குத் தெரியும். தெரியாதவளா இருந்தா வாங்கிக்குவன். யாரு கம்மல் அடகுல கீதுன்னு தெரிஞ்சிக்கினு நான் எப்பிடி வாங்கறது?"

"யக்கா," என்றாள் அவள், திரும்பாமலே. "எங்க வூட்டுக்காரரு போனப்ப நீ பை எடுத்துக்கினு வந்த. நானும் வேணாம்னுதான் சொன்னன். நீ இன்னா சொன்ன?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'இது ஒனக்கு இல்ல, ஒன் புள்ளைங்களுக்கு'ன்னு சொன்ன. ஒனக்கும் ரெண்டு பொண்ணு கீது இல்ல?"

அக்கா எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார். வெளியே அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, தண்ணீர் தேங்கிய கேழ்வரகு வயல்கள். பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. புதிதாக ஏறியவர்களும் விஷயம் கேட்டுக் கை விட்டார்கள். பை சுற்றி வந்து அக்காவின் காலியான சீட்டில் உட்கார்ந்தது. யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. எங்கள் ரயிலில் பங்காரப்பேட்டைக்குப் பிறகு ஒரு சீட் காலியாக வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ரொம்ப நேரம் கழித்து அக்கா வந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எதிரில் இருந்தவளிடம், "ஒன் மாமியாருக்குச் சுகரு எறங்கிச்சா?" என்று கேட்டார். பெட்டி பேச ஆரம்பித்தது.

அந்தப் பணத்தில் அஸ்திவாரத்துக்கான கல்லும் கொஞ்சம் சிமெண்டும் வந்தன. கொத்தனார் அண்ணன் முதல் முறையாக வாயைத் திறந்தார். "சாமான் மட்டும் இருந்தா போதும். கை நம்மளுது," என்றார். அவர் கூட வேலை செய்யும் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் வந்தார்கள். பொதுச் சுவரை விட்டுவிட்டு, மழையில் ஊறிப்போன மற்றச் சுவர்களை இடித்தார்கள்; அஸ்திவாரம் எழும்பியது. கம்பிக்கும் செங்கலுக்கும் பணம் இல்லாமல் அங்கேயே நின்றது.

பெட்டியில் இன்னொரு முறை பை சுற்றலாம் என்றோம். அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "சும்மா வாங்கனது ஒரு வாட்டி போதும். இனிமே யாருனா காசு குடுத்தா ஒரு வேள சோறாவது போட்டுட்டுத்தான் வாங்குவன்."

அப்படித்தான் பிரியாணி விற்கலாம் என்ற யோசனை வந்தது. நந்திதுர்க் பக்கம் எங்கள் சர்ச்சுக்கு ஒரு மைதானம் இருக்கிறது. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய்க் கேட்டோம். குடும்பம் நம் சபையா என்று அவர் கேட்கவில்லை. "பாத்திரம் சர்ச்சுலயே கீது, எடுத்துக்கோங்க. கழுவிக் குடுத்துடணும், அது முக்கியம்," என்றார். ஊரில் பேர்பெற்ற பிரியாணி மாஸ்டர் ஒருவர் கூலி வேண்டாம் என்று வந்தார். டோக்கன் அடித்து ரயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் விற்றோம். அக்கா தன் கையால் ஒரு டோக்கன் கூட விற்கவில்லை. அது அவருக்கு வரவில்லை. ஆனால் பிரியாணி போட்ட ஞாயிறு விடிவதற்குள் மைதானத்தில் முதல் ஆளாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். மாஸ்டர் உப்புப் பார்க்கச் சொன்னபோது, "நான் விரதம்ங்க, நீங்களே பாருங்க," என்றார். என்ன விரதம் என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் சாப்பிடும் வரை சாப்பிடக் கூடாது என்று அவரே வைத்துக்கொண்ட விரதமாக இருக்கும்.

கொத்தனார் அண்ணன் மட்டும் வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் வீடு கட்டுபவர் தன் வீட்டுக்காக ஊரார் டோக்கன் வாங்குவதை எப்படி வந்து பார்ப்பார்?

பதினோரு மணி வாக்கில் வானம் கறுத்தது. அரிசி வெந்து, தம் போடும் நேரம். மேலே மாஸ்டர் கட்டியிருந்த ஷாமியானா துணி முதல் மழையிலேயே தொப்பையாகத் தொங்கி ஒரு பக்கம் கிழிந்தது. விறகு அடுப்பில் தண்ணீர் சொட்டிச் சுர்ரென்றது. மூடி மேல் போட்டிருந்த தணல் அணைய ஆரம்பித்தது. "தம் நின்னா அவ்ளோதான்மா, கஞ்சிதான்," என்றார் மாஸ்டர். நாங்கள் குடைகளை விரித்துப் பிடித்தோம். அத்தனை பெரிய அண்டாக்களுக்குக் குடை எம்மாத்திரம்? அக்கா தன் குடையைக் கீழே போட்டுவிட்டு, ஒரு தட்டை எடுத்துத் தணலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். கை சுட்டிருக்கும். விடவில்லை.

அப்போது கேட்டுக்கு வெளியே தகரம் கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். ஒரு தள்ளுவண்டி. கொத்தனார் அண்ணனும் அவர் கூட்டாளிகள் சிலரும் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். வண்டி நிறைய, இடிந்து விழுந்த அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம். வானத்தைப் பார்த்ததுமே கிளம்பியிருக்கிறார். ஆளுக்கொரு தகரத்தைத் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றின் விளிம்பை இன்னொன்றில் ஏற்றி, அடுப்புகளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ரோட்டில் போனவர்களும் வந்து கை கொடுத்தார்கள். கீழேயிருந்து புகை, மேலேயிருந்து மழை. எரிச்சலில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் ஊற்றியது. ஐயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப நில்லு. தம் ஆவட்டும்."

அவர்கள் இரண்டு பேரும் அன்று பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் அந்த அண்ணன் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

மழையில் யார் வரப்போகிறார்கள் என்று பயந்திருந்தோம். குடையும் சாக்கும் போட்டுக்கொண்டு வந்தார்கள். டோக்கன் இல்லாதவர்களும் வந்து பணம் கொடுத்துச் சாப்பிட்டார்கள். எங்கள் கணக்கு தவறிப்போய், டோக்கன் வைத்திருந்தவர்கள் சிலருக்கே சோறு இல்லாமல் போய்விட்டது. அக்கா ஒவ்வொருவரிடமும் போய் நின்று மன்னிப்புக் கேட்டார், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். யாரும் வாங்கவில்லை. ஆட்டோ ஓட்டும் ஒரு கன்னடப் பெரியவர் மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொன்னார், "மொதலு மனெ ஆகலி. ஆமேலே ஊட்டா ஹாக்கி." முதலில் வீடாகட்டும், அப்புறம் சாப்பாடு போடுங்கள் என்று.

பிரியாணிப் பணத்தில் செங்கலும் கம்பியும் வந்தன, சுவர்கள் எழும்பின. பொதுச் சுவரைப் பற்றி அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போய் வருவதற்குள் விரிசல் விட்டிருந்த பகுதியைப் பிரித்து, செங்கல் வைத்துக் கட்ட ஆரம்பித்திருந்தார். என் பங்கு என்று பணத்தை நீட்டினேன். "செவுரு ஒண்ணுதானம்மா," என்றார். "பாதி செவுரு எப்பிடிக் கட்றது?" பூச்சுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

தளம் போடும் நாளில் ரயில் பெண்கள் வந்தார்கள். ஊரிகத்திலிருந்து, பங்காரப்பேட்டையிலிருந்து, வாரத்தில் தூங்கக் கிடைக்கும் ஒரே காலையை விட்டுவிட்டு. வரிசையாக நின்று கலவைச் சட்டிகளைக் கை மாற்றினோம். கார்மெண்ட்ஸ் பெண் ஏணியின் மேல்படியில் நின்றாள். இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கும் என்று நினைத்ததே இல்லை. மத்தியானத்துக்குள் தளம் முடிந்தது. என் கை மூன்று நாளைக்குத் தோளுக்கு மேலே எழும்பவில்லை.

தை மாதம் பால் காய்ச்சினார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு முடித்ததும் அக்கா காணாமல் போய்விட்டார். எங்கே என்று தேடினால், அடுக்குப் பாத்திரங்களில் பிரியாணி எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அன்று மைதானத்தில் சோறு கிடைக்காமல் போனவர்கள் ஒவ்வொருவர் முகமும் அவருக்கு நினைவிருந்தது. மருந்துக் கடைப் பையன், தபால்கார அம்மா, ஸ்கெலட்டன் என்ற ஏரியாவிலிருந்து வந்திருந்த ஒரு புது தம்பதி. ஆட்டோ ஸ்டாண்டில் அந்தப் பெரியவர் முன்னால் பாத்திரத்தை வைத்துத் திறந்து, "மனெ ஆயிட்ச்சி, ஊட்டா மாடி," என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொன்னாராம், வீடாகிவிட்டது, சாப்பிடுங்கள் என்று. பெரியவர் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த சவாரிக்குப் போனார் என்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

வீடு பெரியதில்லை. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. பூச்சு வேலை உள்ளே மட்டும்தான், வெளிப்பக்கம் இன்னும் செங்கலாகவே இருக்கிறது. அரசாங்கப் பணம் வந்தால் பூசிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் பெரிய இடி மழை. ஆலங்கட்டியும் விழுந்தது. எங்கள் முன்னறையில் தங்கியிருந்த அந்த நாட்களில், மழைச் சத்தம் கேட்டாலே அக்கா எழுந்து பாயில் உட்கார்ந்துகொள்வார். எத்தனை சொன்னாலும் படுக்க மாட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. மூத்த பெண் வாசலில் விழுந்த ஆலங்கட்டிகளைப் பொறுக்கி டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா இன்னா பண்ணுது?" என்று கேட்டேன்.

அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"தூங்குதுக்கா. மழை ஆரம்பிச்சப்பவே தூங்கிட்ச்சி."

உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையில் வெறும் புடவையை விரித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்தபடி அக்கா நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்தேன்.